நூறில் நின்ற ரெஞ்ச்

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, கல்லாவில் இருக்கும் பெண் பார்க்கிறாளா என்று நோட்டம் விட்டுவிட்டு, டெல்மர் க்ராஸ் அதைக் குறட்டின் கழுத்தில் வைக்கிறார். காந்தம் ஒட்டுகிறது. ஒட்டியதும் அவருக்குச் சந்தேகம் கூடிவிடுகிறது. "ஒட்டிப் பார்ப்பானுங்கன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான்" என்று முணுமுணுக்கிறார். அடுத்து கைப்பிடியை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். கெட்ட ரப்பருக்கு ஒரு வீச்சம் உண்டாம். அந்த வீச்சம் அடித்தால் மூன்றாம் நாள் பிடி கையோடு உரிந்து வந்துவிடுமாம். மலிவுக் கருவிக் கடையில் வியாழக்கிழமை காலைகளில் இந்தக் காட்சி தவறாமல் நடக்கும். ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊரில் யாரும் இப்போது அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஆயுசுக்கும் கியாரண்டி இருக்கு, மிஸ்டர் க்ராஸ்" என்பாள் அந்தப் பெண்.

"யாரோட ஆயுசுக்கு? முதல்ல அதைக் கேட்டுச் சொல்லு."

ஆனால் வாங்காமல் மட்டும் வர மாட்டார். அதுதான் வேடிக்கை. திட்டிக்கொண்டே வாங்குவார், வாங்கிக்கொண்டே திட்டுவார். வீட்டுக்கு வந்ததும் புதுச் சாமான் நேராகச் சுவருக்குப் போகாது. கராஜின் கதவோரம் ஓர் அலமாரி இருக்கிறது. மனைவி நோரீனின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, தேதி எழுதி, அதில் தொண்ணூறு நாள் உட்கார வைப்பார். அந்த நாட்களில் அதைக் கொண்டு வேலை செய்வார். ஆனால் நம்ப மாட்டார். கிழியாமல், வளையாமல், பல் உடையாமல் தொண்ணூறு நாளைத் தாண்டினால், எதிர்ச்சுவரில் ஆணியடித்து மாட்டி, சுற்றிலும் கறுப்பு மையால் அதன் உருவத்தை வரைவார். முப்பது வருஷத்தில் சுவரேறியவை பதினொன்றே. மற்றவை எல்லாம் பொட்டோடு போய்ச் சேர்ந்தன.

கருவிகளோடு நின்றால் பரவாயில்லை. மயோனைஸ் பாட்டிலின் அடிக்குழி போன வருஷத்தைவிட ஆழமாகிவிட்டது, அளவைக் குறைக்கிறான் என்பார். வானிலை சொல்பவன் பனி வரும் என்று சொல்ல டயர்க்காரனிடம் காசு வாங்குகிறான் என்பார். "சுருக்கமாக ஜெபிப்போம்" என்று பாதிரியார் தொடங்கினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பள்ளிப் பேருந்துப் பணிமனையில் நாற்பத்தொரு வருஷம் வேலை பார்த்த மனிதர். பிறர் இறுக்கிய திருகாணியை மறுபடி இறுக்கிப் பார்க்காமல் ஒரு பேருந்தையும் வெளியே விட்டதில்லை. அதனால்தான் அந்தத் தெருவே அவரை நம்பியது.

அந்தக் கராஜில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட பொருள் ஒன்றே ஒன்று உண்டு. சக்கர நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து, போதுமானதும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச். பணிமனைக்கு வாராவாரம் வந்த கருவி விற்கும் வேனில், கல்யாணமான புதிதில் வாங்கியது. விலை உசத்தி. பிடியைத் திருகி எண்ணை வைத்தால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் அந்த அளவுக்கு இறுகி நிற்கும். டெல்மர் அதை நூறில் வைத்தார். நூறிலேயே விட்டுவிட்டார்.

"வர்ற வண்டிக்கெல்லாம் நூறுதானே? ஒவ்வொரு தடவையும் இறக்கி ஏத்த நமக்கென்ன வேற பொழைப்பு இல்லையா?"

நவம்பர் வந்தால் முதல் பனிக்கு முன்னால் தெரு முழுக்கக் குளிர்கால டயர்களைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்துவிடும். கூலி கிடையாது. பூசணிக்காய் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் கொண்டுவந்தால் தட்டை உயர்த்தி அடிப்பாகம் கருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வார். அந்த 'டிக்' கேட்டதும் தலையாட்டுவார். அவர் தலையாட்டினால் அந்த வண்டி அலாஸ்கா வரை போகலாம் என்பது தெருவின் எண்ணம்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மகள் ஷெல்பியின் வண்டிக்குக் காலையில் டயர் மாற்றினார். சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு அவள் இரண்டு பிள்ளைகளோடு மிச்சிகனில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். அரை மணி கழித்து, எதிர்வீட்டு ஓட்டிஸ் பென்னெட் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். மலிவுக் கடையில் காந்தமும் இல்லாமல் மூக்கும் இல்லாமல் வாங்குபவர். அதோடு, பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவர். அதற்காகவே டெல்மரிடம் வாராவாரம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்.

"டெல்மர், கோவிச்சுக்காதே. போன வார வெள்ளிக்கிழமை என் வண்டிக்கு டயர் மாட்டினே இல்ல? அம்பது மைல் ஓடினதும் நட்டை மறுபடி பார்க்கணும்னு இதுல போட்டிருக்கு. நூறு வெச்சுப் பார்த்தேன். எல்லா நட்டும் திரும்புதுய்யா."

"எதை வெச்சுப் பார்த்தே?"

ஓட்டிஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று ஒரு புது ரெஞ்ச். டெல்மர் அதைத் தொடக்கூட இல்லை.

"அந்தக் கடையிலதானே? பதினெட்டு டாலர் சாமான் வந்து என் ரெஞ்சு மேல புகார் சொல்லுதா! அதோட 'டிக்' லேட்டா வருது, அவ்வளவுதான். நீ இறுக்கின இறுக்குல போல்ட்டே முறிஞ்சிருக்கும், போய்ப் பாரு."

"அப்போ ரெண்டையும் சோதிச்சுப் பார்த்துடலாமா?"

சோதனை என்றால் டெல்மர் விடுவாரா? மேசையோரம் பூட்டிய வைஸ் என்னும் இரும்புப் பிடிப்பானில் ரெஞ்சின் தலையைக் கவ்வவைத்து, கிடையாக நிறுத்தி, ஒன்றரை அடி தள்ளிப் பிடியில் நாற்பது பவுண்டு தொங்கவிட்டால், அடியைப் பவுண்டால் பெருக்கி அறுபது கணக்கு. அறுபதில் வைத்த ரெஞ்ச் அதற்குத்தான் 'டிக்' சொல்ல வேண்டும். அதற்குக் குறைந்த எடைக்கு வாயைத் திறக்கக் கூடாது. கடினத் தண்ணீரை மென்மையாக்கும் தொட்டிக்குப் போடும் உப்பு மூட்டை நாற்பது பவுண்டு. நாய்த்தீனி மூட்டை முப்பது.

"மூட்டையில நாப்பதுன்னு அச்சடிச்சா நாப்பதாயிடுமா?" என்று குளியலறைத் தராசைக் கொண்டுவந்தார் டெல்மர்.

"அந்தத் தராசு பொய் சொல்லுதுன்னு நீதானே கிறிஸ்துமஸ் அப்ப கத்தினே?" என்றாள் வாசலில் நின்ற நோரீன்.

"அப்ப நின்னது நான். இப்ப நிக்கிறது உப்பு."

நாற்பது காட்டியது. நாய்த்தீனி முப்பது காட்டியது.

முதலில் ஓட்டிஸின் ரெஞ்ச். அறுபதில் வைத்து நாய்த்தீனியைத் தொங்கவிட்டார்கள். சத்தமில்லை. உப்பைத் தொங்கவிட்டார்கள். டிக். டெல்மர் அதைக் கழற்றிவிட்டுத் தன் பழைய ரெஞ்சை மாட்டினார். பல வருஷத்துக்குப் பிறகு அதன் பிடியை நூறிலிருந்து அறுபதுக்கு இறக்கினார். அது முனகிக்கொண்டுதான் திரும்பியது. நாய்த்தீனி மூட்டையை மெல்லத் தொங்கவிட்டார். கையை எடுப்பதற்குள் டிக்.

"கை பட்டிருக்கும்" என்றார். மறுபடி மாட்டினார். டிக். மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கவிட்டார். டிக்.

ஓட்டிஸ் பெட்டிக்குள்ளிருந்த காகிதத்தை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினார். "வேலை முடிஞ்சதும் அடியில இருக்கற கடைசி எண்ணுக்கு இறக்கி வைக்கணுமாம். இறுக்கத்துலேயே வெச்சா ஸ்பிரிங் தளர்ந்துடுமாம். அப்புறம் நட்டு சரியா இறுகறதுக்கு முன்னாடியே 'டிக்' சொல்லிடுமாம். எல்லா ரெஞ்சுக்கும் இதே கதைதான், டெல்மர்."

டெல்மர் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவர் கண் வாசலுக்கு வெளியே, காலையில் ஷெல்பியின் வண்டி நின்ற ஈரத் தரையில் இருந்தது. இருபது நட்டு. இருபதையும் இந்த ரெஞ்ச்தான் இறுக்கியது. பிள்ளைகள் இரண்டும் பின் சீட்டில்.

"நோரீன், ஷெல்பிக்குப் போன் போடு!"

எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று பதினாறு வயதில் அவளுக்குச் சொல்லி வளர்த்தவரே டெல்மர்தான். நாலாவது தடவை குரல் வந்தது.

"என்னம்மா, வீட்டுல யாருக்காவது ஏதாவதா? பவுலிங் கிரீன் ஊர் கிட்ட ஹைவே ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்தியிருக்கேன். சின்னவனுக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சு."

டெல்மர் போனைப் பிடுங்கினார். "வண்டியில ஏதாவது சத்தம் வந்துச்சா?"

"ஆமாப்பா, பின்னாடி லொடலொடன்னு. ரோடு மோசம்போலன்னு நினைச்சேன்."

"உடனே நிறுத்திப் பார்க்க வேண்டியதுதானே!"

"நீதானேப்பா மாட்டினே? அப்புறம் என்ன பார்க்கிறது?"

"அங்கேயே இரு. ஓரடி நகராதே. பசங்களை வண்டியை விட்டு இறக்கிடு" என்றார். அந்த மாதம் டயர் மாட்டிக்கொடுத்த மற்ற ஆறு வண்டிக்காரர்களின் பெயரையும் நோரீனிடம் சொன்னார். "யாரும் வண்டியை எடுக்க வேணாம்னு சொல்லு. ஏன்னு கேட்டா, தப்பு என்னுதுன்னு சொல்லு." நோரீன் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போனைக் கையில் எடுத்தாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. வெளியே போகும்போது பழைய ரெஞ்சைக் கதவோர அலமாரியில் போட்டுவிட்டுப் போனார்.

ஓட்டிஸின் வண்டியில்தான் போனார்கள். ஓட்டிஸ் அதன் நட்டுகளை ஏற்கனவே சரியாக இறுக்கியிருந்தார். ஐம்பத்தைந்து மைலும் டெல்மர் பிளாஸ்டிக் பெட்டியை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓட்டிஸ் குத்திக்காட்டவில்லை. அது நல்லவர் குணமா, பயமா என்று டெல்மருக்கு வழக்கம்போல் ஒரு சந்தேகம் எழுந்து, பாதியிலேயே அடங்கிப்போனது.

ரெஸ்ட் ஏரியாவில் பொடிப்பனி தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கட்டடத்துக்குள்ளே சிப்ஸ் தின்றுகொண்டு ஜன்னல் கண்ணாடி வழியாகக் கையாட்டின. டெல்மர் ஈரத் தரையில் மண்டியிட்டார். இடது பின் சக்கரத்தில் இரண்டு நட்டு விரலால் திருகும்போதே வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. ஷெல்பியைக் கூப்பிட்டு, விரலால் திருகிக் காட்டினார். அவள் திரும்பி ஜன்னலுக்குள் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

ஓட்டிஸின் ரெஞ்சை நூறில் வைத்து இருபது நட்டையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். இருபது டிக். பிறகு எழுந்து, ரெஞ்சை மகளிடம் நீட்டினார்.

"நீயும் ஒரு தடவை பாரு."

"எதுக்குப்பா? நீதான் இப்ப பார்த்துட்டியே."

"நான் சொன்னேன்னு நம்பாதே. பாரு."

ஷெல்பி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோட்டைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டாள். டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வழுக்கையில் பனி விழ, ஒவ்வொரு டிக்குக்கும் உதடசைத்து எண்ணிக்கொண்டு நின்றார். இருபது வந்ததும் ரெஞ்சை வாங்கிக்கொண்டார்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறிக் கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றார். "போலாமா?" என்றார் ஓட்டிஸ். டெல்மர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, அந்தப் பதினெட்டு டாலர் ரெஞ்சின் பிடியை மெல்ல எதிர்ப்பக்கமாகத் திருப்பத் தொடங்கினார். தொண்ணூறு, எண்பது, எழுபது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கடைசி எண்வரை இறக்கினார். அதற்குப் பிறகுதான் பெட்டியை மூடினார்.