சாய்க்காத மெழுகுவத்தி

இந்த வருடம் ஈஸ்டர் விடியற்காலைப் பூசைக்கு எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு தம்பி பிளாஸ்டிக் மெழுகுவத்தியை நீட்டி, "அடியில சுச்சு கீது ஆன்ட்டி, அழுத்துங்க" என்றான். எனக்கா இதெல்லாம் பிடிபடும்? அழுத்தினால் எரிந்தது, மறுபடி அழுத்தினால் மினுக்கியது, அணைக்க மட்டும் வரவில்லை. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். பொம்மைக் கடை வாசனை.

உண்மையான மெழுகு வாசனை வந்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான், பக்தி அப்புறம். எழுபதுகளில் மானாம்பதிப் பக்கத்து இந்தக் கோயிலில் முன்னால் பெஞ்சு, பின்னால் பாய். பாய் எங்கள் சேரிக்காரர்களுக்கு. ஈஸ்டர் அன்று சாமியார் புது நெருப்பில் பெரிய மெழுகுதிரியைக் கொளுத்துவார். அதிலிருந்து ஒருவர் மெழுகுவத்தியில் இன்னொருவர் தன்னுடையதைச் சாய்த்துப் பற்றவைத்துக்கொண்டே வருவார்கள். கடைசிப் பெஞ்சோடு நின்றுவிடும். பாய்க்கு, சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் தீப்பெட்டி கொண்டுவருவார். இந்தக் கேவலத்தையும் கும்பிட்டுக்கொண்டேதான் செய்தார்கள்.

அந்த நெருப்பை அணையாமல் கொண்டுபோய் வீட்டு அடுப்பை மூட்டுவது வழக்கம். அது தீப்பெட்டி நெருப்பாக இருப்பது என் அம்மா அற்புதத்துக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருடம் எழுந்து நேரே போய், கடைசிப் பெஞ்சு ஓரத்தில் நின்ற ராயப்பரின் மெழுகுவத்தியில் தன்னுடையதைப் பற்றவைத்துக்கொண்டாள். எங்கள் குடும்பம் வேலை பார்த்த நிலம் அவருடையது. அவர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். தன் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். முன்னால் நின்றவரிடம் புதிதாகப் பற்றவைத்துக்கொண்டார். சாமியார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒளியின் மக்களாய் நடப்பது பற்றிப் பிரசங்கம் வைத்தார்.

அம்மா முந்தானையால் காற்றை மறைத்து நெருப்பை வீடுவரை கொண்டுவந்தாள். எங்கள் அடுப்பிலிருந்து தெருவே வாங்கிப் போனது.

மறுநாள் ராயப்பர் நிலத்தில் நவரை நெல் அறுப்பு. நானும் போயிருந்தேன். கஞ்சிக்குக் கருவாடு சுட அம்மா மரத்தடியில் சுள்ளி மூட்டியிருந்தாள். அவர் சுருட்டும் வாயுமாக வரப்பில் வந்து நின்றார்.

"அற்புதம், கொள்ளி ஒண்ணு எடுத்துத் தா."

அம்மா எடுத்து நீட்டினாள். குனிந்து பற்றவைத்துக்கொண்டு போனார். சுருட்டுக்கு மட்டும் தீட்டில்லை போலிருக்கிறது.

"அந்தாளுக்கு ஏம்மா குடுத்த? இல்லன்னு சொன்னா இன்னா?"

"கேட்டாரு, குடுத்தேன்" என்றாள் அரிவாளை எடுத்தபடி. "ஊதி அணைக்க நான் இன்னா அவரா?"

அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்றுவரை வரவில்லை. அவளுக்கு வந்ததை நினைத்தாலும் கோபம்தான்.

இப்போது பாய் இல்லை, எல்லோருக்கும் பெஞ்சு. சாமியார் சைகை காட்டியதும் கோயில் முழுக்க டக் டக்கென்று சத்தம். பூசை முடிந்து வெளியே வந்தால் அதே தம்பி அட்டைப்பெட்டியோடு நிற்கிறான்.

"இதுல போட்டுடுங்க ஆன்ட்டி, அடுத்த வருசத்துக்கு ஆவும். எங்க ராயப்பர் தாத்தா நெனவா நாங்கதான் வாங்கிக் குடுத்தோம். யாரும் யார்கிட்டயும் போயி நிக்க வேணாம் பாருங்க."

"எங்கம்மா ஒரு வருசம் உங்க தாத்தாகிட்ட போயி நின்னாங்க" என்றேன்.

"அப்டியா ஆன்ட்டி" என்று சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்.

பெட்டி நிறைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோக யார் கையிலும் எதுவும் இல்லை.