அண்ணையின் கைதட்டல்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கொழும்பில் கந்தோரில் மேசை வேலை பார்த்த காலத்திலேயே அதற்குப் பெயர் எடுத்தவள் நான். ஆனால் அந்த இணையத்தளத்தைத் திறந்த அன்று வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம்.

விஷயம் இதுதான். தெல்லிப்பழைக்கு வடக்கே எங்கள் அப்பா விட்டுப்போன காணி இன்னமும் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக் கம்பிவேலிக்குள் கிடக்கிறது. அண்ணை இணுவிலில் வாடகை வீட்டில் இருக்கிறார். வேறிடத்தில் ஒரு துண்டு தருகிறோம், பழைய காணியை இனிக் கேட்கமாட்டோம் என்று கையெழுத்து வையுங்கள் என்றார்கள் காணிக் கந்தோர்க்காரர். எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த சனம் ஒவ்வொருவராகப் போய் வைத்தது. அண்ணை மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். அவருக்குத்தான் நாட்டின் தலைவரே வாக்குக் கொடுத்திருக்கிறாரே!

"வாற பொங்கல் உங்கடை முற்றத்தில எண்டு சொன்னவர், பிள்ளை. மைக்கைப் பிடிச்சு, அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னவர்."

அண்ணை இதைச் சொல்லி எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்போது பதவியில் இருந்த தலைவர் இங்கே ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து சிங்களத்தில் பேசினாராம். பக்கத்தில் நின்ற ஒருவர் வசனத்துக்கு வசனம் தமிழில் சொன்னாராம். அண்ணைக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. சிங்களம் தெரிந்த நான் அன்றைக்குக் கொழும்பில் இருந்தேன். பிறகு பொங்கல்கள் வந்து போயின. தலைவரும் மாறிவிட்டார். அண்ணை அசையவில்லை.

இந்த வருடம் காணிக் கந்தோரில் இருந்து கடைசி அறிவித்தல் வந்தது. மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்காவிட்டால் மாற்றுக் காணியும் கிடையாது. நானும் அண்ணையும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெடியன்தான். அண்ணை சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"ஐயா, அவர் சொன்னவர் எண்டால் எழுத்தில இருக்கவேணும். அவரின்ரை பேச்செல்லாம் இப்ப இணையத்தில போட்டுக் கிடக்கு. அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு வாங்கோ, நான் மேல அனுப்புறன்."

அண்ணையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வழக்கை வென்றவர் மாதிரி வாசல்படி இறங்கினார்.

வீட்டுக்கு வந்து தலைவரின் அந்த இணைய ஆவணக் களஞ்சியத்தைத் திறந்தேன். அம்மாடி, என்ன ஒரு சேகரிப்பு! தலைவர் மரம் நட்டதற்கு ஒரு பக்கம். பாலம் திறந்ததற்கு ஒரு பக்கம். யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியதற்கும் ஒரு பக்கம். தும்மியதை மட்டும்தான் விட்டிருக்கிறார்கள். மொழிக்கு ஒரு பொத்தான் இருந்தது. தமிழ்ப் பொத்தானை அழுத்தினால் வெள்ளைப் பக்கம், நடுவில் 'விரைவில்' என்று ஒரு சொல். இனி எப்ப விரைவில்? ஆள் பதவி முடிந்து வீட்டுக்கே போய்விட்டார்.

சிங்களத்தில் எங்கள் மைதானப் பேச்சைத் தேடிப் பிடித்தேன். மேலிருந்து கீழே வாசித்தேன். பொங்கலும் இல்லை, முற்றமும் இல்லை. காணியைப் பற்றி ஒரேயொரு வசனம் இருந்தது. 'அதைப் பற்றி யோசித்துப் பார்க்கலாம்.' அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பலத்த கைதட்டல்' என்று போட்டிருந்தது.

காணொளியும் இருந்தது. எழுத்தில் இருந்த அதே வசனம்தான் அவர் வாயிலும் வந்தது. பக்கத்தில் நிற்பவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோகிறார். டக்கென்று ஒரு வெட்டு. அடுத்த கணம் சனம் எழும்பி நின்று கைதட்டுகிறது. கீழே ஒரு குறிப்பு: தமிழில் சொன்னது தலைவரின் வார்த்தை இல்லையாம், அதனால் ஆவணத்தில் அதற்கு இடமில்லை. எங்கள் கைதட்டலுக்கு மட்டும் இடம் இருக்கிறது!

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொங்கலைத் தந்தவர் தலைவர் இல்லை, மொழிபெயர்த்தவர். எங்களைப் பாவம் பார்த்துச் சொன்னாரோ, மேடையில் இருந்தவர்களைக் குளிரப்பண்ணச் சொன்னாரோ, நாசமாய்ப் போக. அவரையாவது மன்னித்துவிடுவேன். தலைவரை மாட்டேன். 'யோசித்துப் பார்க்கலாம்' என்றதற்கு வீடிழந்த சனம் எழும்பி நின்று தட்டுமா? என்னத்துக்கு இதுகள் இப்படித் தட்டுதுகள் என்று பக்கத்தில் நின்றவரை ஒருக்கால் கேட்டிருக்கக்கூடாதா? அவர் கேட்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கையசைக்கிறார்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன்.

"எடுத்திட்டியே பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

காணொளியைப் போட்டுக் காட்டினேன். முன்வரிசையில் அண்ணை. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டுகிறார்.

"உதில அவர் என்னத்தைச் சொன்னதுக்கு நான் தட்டுறன்?"

"யோசிச்சுப் பாக்கலாம் எண்டதுக்கு, அண்ணை."

"அப்ப பொங்கல்?"

"அவர் சொல்லேல்லை. தமிழில சொன்னவர் தானாப் போட்டது. அதையும் வெட்டிப்போட்டாங்கள்."

திருப்பிப் போடச் சொன்னார். பிறகு இன்னொருக்கால் என்றார். தலைவரை அவர் பார்க்கவில்லை, தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை கோபப்பட்டு நான் கண்டதில்லை. எங்கள் வீட்டில் அது என்னுடைய வேலை. அன்றைக்கு அவருடைய கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

"நாளைக்குப் போய்க் கையெழுத்தை வைப்பம் அண்ணை. ஒரு துண்டாவது மிஞ்சும்" என்றேன்.

"விசரே உனக்கு? உவர் சொல்லியே அது என்ரை காணி ஆனது? அப்பா வெட்டின கிணறு கிடக்கு அங்க. நான் வைக்கமாட்டன்."

மூச்சு வாங்கினார். பிறகு திரையில் தெரிந்த தன் கைகளை விரலால் தொட்டுக் காட்டினார்.

"நீ உவங்களுக்கு ஒண்டு எழுது பிள்ளை. காணியைப் பற்றி ஒண்டும் கேக்காதை. என்ரை கைதட்டலை அதிலயிருந்து எடுக்கச் சொல்லு."

எழுதினேன். மாதம் முடிந்து மாற்றுக் காணியும் போய்விட்டது. கைதட்டலை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை.