பத்து எல்.இ.டி.யும் ஒரு காதுகுத்தும்

மைக் செட் தொழிலில் நான் முதலில் தொலைத்தது அந்தக் "கொய்ங்" சத்தத்தைத்தான். மைக், ஸ்பீக்கர் பாக்ஸைப் பார்த்துத் திரும்பினால் வருமே, ஜனங்கள் பல்லைக் கடிப்பார்களே, அதுதான். டாக்டர் சொன்னார்: "கீச்சுனு வர்ற சத்தம் எதுவும் உங்களுக்குக் கேக்கலிங்க. இனிமே இன்னும் கம்மியாத்தான் ஆகும்."

யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காத மைக் செட்காரனை எவன் கூப்பிடுவான்? சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் முன்னால் உட்காருவதுதான் என் பிழைப்பு.

கேட்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று தேரடி வீதிக் கடையில் எல்.எம். 3915 ஐ.சி., பத்து எல்.இ.டி., ஒரு பிரெட்போர்டு வாங்கினேன். பிரெட்போர்டு என்பது சால்டரிங் இல்லாமல் ஒயரைச் செருகிப் பார்க்கும் ஓட்டைப் பலகை. மிக்சர் அவுட்புட்டிலிருந்து ஐ.சி.க்கு சிக்னல் கொடுத்தேன். சத்தம் ஏற ஏற விளக்குகள் வரிசையாக எரியும்: முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. மஞ்சளைத் தாண்டாமல் ஓட்டுவேன்.

என் மனைவியின் தம்பி சேகர்தான் கூட்டாளி. ஆம்ப்ளிஃபையர் அவன் பொறுப்பு.

"இன்னா மாமா இது, சீரியல் செட்டா?" என்றான்.

"ஷோவுக்குடா. பார்ட்டிங்க கேக்கறாங்க."

வேலை ஓடியது. ஆனால் அலுத்துவிட்டது. பாட்டு ஓடுகிற நேரமெல்லாம் விளக்கையே முறைக்க வேண்டும். யாராவது பேசினால் வாயைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். பாக்ஸ் தூக்குவதைவிட இந்த நடிப்புதான் கனம். வீட்டுக்குப் போனால் சோறு தின்னக்கூடத் தெம்பு இருக்காது.

வேங்கிக்கால் மண்டபத்தில் ஒரு காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில். குத்துவதற்கு முன்பே பந்தி ஆரம்பித்ததும் சேகர் சாப்பிடப் போனான். வேறு இடம் இல்லையென்று பிரெட்போர்டை பேஸ் பாக்ஸ் மேலேயே வைத்திருந்தேன். பாக்ஸ் அதிர்ந்த அதிர்வில் சிக்னல் ஒயர் கழன்று, விளக்குகள் அத்தனையும் அணைந்துவிட்டன. தும்தும்மென்று ஏதோ கேட்கத்தான் செய்தது. ஆனால் என் காதை நான் நம்புவதை விட்டு நாளாகிவிட்டது. சத்தம் நின்றுவிட்டதென்று மாஸ்டரை ஏற்றினேன். எரியவில்லை. இன்னும் ஏற்றினேன். மைக்கும் ஆனில் இருந்தது.

நிமிர்ந்தால் மண்டபமே காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது. குழந்தை வீறிடுவது கண்ணுக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. பெரியவர் ஒருவர் கிட்ட வந்து கத்தினார்: "யோவ், குத்தறதுக்கு முன்னாடியே எல்லார் காதையும் கிழிச்சிட்டியேய்யா! உனக்குக் கேக்கல?"

சேகர் எச்சில் கையோடு ஓடிவந்து ஆம்ப்ளிஃபையரை இறக்கினான். "மன்னிச்சுக்குங்க பெரியவரே, மிஷின் கோளாறு" என்று அவரை அனுப்பிவைத்தான்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது சொன்னேன். "சேகர், எனக்குக் காது போச்சுடா."

"தெரியும் மாமா."

"எப்படிடா?"

"நீங்க போன் பேசனா பக்கத்துத் தெருவுக்கே கேக்குது. மிக்சர்ல ட்ரெபிள ஜாஸ்தி வெச்சிடறீங்க, விளக்குல அது தெரியாது. நான் பின்னாடி நின்னு ஆம்ப்ளிஃபையர்ல கம்மி பண்ணிடுவேன். இன்னிக்குத்தான் பசி தாங்கலன்னு போய்ட்டேன்."

"ஏண்டா சொல்லல?"

"மிக்சர் நாற்காலிய விட்டு உங்கள எழுப்பற மாதிரி ஆயிடும் இல்ல. நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

விளக்கைப் பார்த்து நானே ஓட்டுகிறேன் என்று என்ன பெருமை எனக்கு! வெட்கமாக இருந்தது; அப்பாடா என்றும் இருந்தது.

இப்போது மிக்சர் முன்னால் சேகர் உட்காருகிறான். ஒயர் இழுப்பதும் பாக்ஸ் கட்டுவதும் நான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: பிரெட்போர்டை அதிரும் இடத்தில் வைக்காதீர்கள். விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் எதிரே இருப்பவர்கள் முகத்தைப் பாருங்கள். காதில் கோளாறு என்றால் கூட இருப்பவனிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் இருந்த காலம் முழுக்க சேகர் ஒரு விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டதில்லை.