தெற்குக் கதவு

யார் வீட்டுக்குப் போனாலும் டொரதி முதலில் அலுமாரியைத்தான் விசாரிப்பாள். வீட்டுக்காரி தேத்தண்ணி போட உள்ளே போகும்வரை காத்திருந்து, நடுவிரலை மடக்கிப் பக்கப் பலகையில் இரண்டு தட்டு. 'டொக்' என்று கேட்டால் தேக்கோ பலாவோ, முகம் சுருங்கிவிடும். 'பொத்' என்று கேட்டால் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. அன்றைக்கு அந்த வீட்டுத் தேத்தண்ணி தனியாக இனிக்கும்.

கட்டுகஸ்தோட்டையில் றவூப் நானாவின் தையல் கடையில் பதினோரு வருடமாகப் பொத்தான் தைக்கிறாள். மஹய்யாவையில் அவளுடைய இரண்டு அறை வீட்டில் இருக்கும் சாமான்களும் 'பொத்' சாதிதான். அட்டைப் பெட்டியில் துண்டு துண்டாக வந்து, வீட்டில் பொருத்திப் பூட்டிக்கொண்டவை. ஆனால் வந்தபடி ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாள். பிளாஸ்டிக் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குத் தைக்கிற பெரிய பொத்தான்களைப் பூட்டுவாள். இழுக்கிற லாச்சிகளுக்குள் கல்யாணச் சட்டைகளில் மிஞ்சிய பட்டுத் துண்டு, தட்டுகளின் விளிம்பில் லேஸ். "கடையில இருந்து வந்த மாதிரியே வச்சிருந்தா அது கடைக்காரன் அலுமாரிங்க. பொத்தான மாத்தினாத்தான் அது நம்மளுது" என்பாள். அவள் குடியிருந்த சந்தே அவளிடம் யோசனை கேட்டது. அந்தக் கேள்விகளில்தான் அவள் உயிர் இருந்தது.

பெற்றீசியா வரும்வரை.

பெற்றீசியா, டொரதியின் கொழுந்தன் ஹேவாஹெட்டயிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். ஓரகத்தி, குடியிருப்பது அடுத்த வீட்டில். டொரதியின் அலுமாரியைப் பார்த்துவிட்டு அதே கடையில் அதே நெஞ்சளவு உயர அலுமாரியை வாங்கிவந்தாள். "அக்கா, அலுமாரி பூட்டுறப்ப கூட நில்லுங்களேன்" என்று கூப்பிட, டொரதி போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கதவுகளில் ஒன்றில் மட்டும் சிங்களத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. பெற்றீசியா தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சிங்களத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். "த... கு... ண. தகுணன்னா தெற்குதானே அக்கா?"

சிங்களத்தில் தகுண என்றால் தெற்கு. வலது என்பதற்கும் அதே சொல்தான். டொரதிக்கு இரண்டும் தெரியும். எந்த அலுமாரிக்காரனும் திசை பார்த்துக் கதவு செய்வதில்லை என்பதும் தெரியும்.

"தெற்குதான்" என்றாள். பொய் இல்லையே!

அலுமாரி கிழக்கே பார்த்து நின்றது. ஆகவே வலக் கதவு தெற்கே, எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது. கதவின் பிணைச்சல் பொருந்தவில்லை. தலைகீழாகத் திருப்பியதும் பொருந்திவிட்டது. மற்றதையும் பெற்றீசியா அப்படியே பூட்டினாள். மேலே இருக்கவேண்டிய கைப்பிடிகள் இரண்டும் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றன. இந்தப் பலகையில் ஒரு தடவை பூட்டிய திருகாணியைக் கழற்றினால் ஓட்டை இளகிவிடும், பிறகு பிடிக்காது. பெற்றீசியா அப்படியே விட்டுவிட்டாள். டொரதி அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு கிழமை நின்றது. பெற்றீசியா சீமெந்துப் பை உறைகளைக் கசக்கி, கடும் சாயத் தேத்தண்ணியில் ஊறப்போட்டு, அலுமாரி முழுக்கப் பசை தடவி ஒட்டினாள். காய்ந்ததும் மேலே வார்னிஷ். சுருக்கம் எல்லாம் மர ரேகையாகிவிட்டது. பக்கத்து வீட்டு ரபீகா வந்து பார்த்து, "யா அல்லாஹ், பலாப் பலகையா புள்ள?" என்றாள். டொரதியின் மூன்று ரூபாய்ப் பொத்தானைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. பொறாமையா என்று யாராவது கேட்டால் டொரதி சிலுவை போட்டுக்கொள்வாள். அவளுக்குப் பொறாமைதான். பற்றி எரிந்தது.

ஒக்டோபர் பிறந்தது. செபமாலை மாதத்தில் மாதா சுரூபம் ஒரு மாலை ஒரு வீடு என்று சந்து முழுக்க வரும். யார் வீட்டில் மாதா எடுப்பாக அமர்ந்தார் என்பதுதான் அடுத்த ஒக்டோபர் வரைக்கும் பேச்சு. வெள்ளிக்கிழமை பெற்றீசியா வீடு, சனிக்கிழமை டொரதி வீடு.

வெள்ளிக்கிழமை மாதா அந்தப் 'பலா' அலுமாரியின் மேல் அமர்ந்தார். பாட்டுப் புத்தகம் அலுமாரிக்குள் என்றதும் செபம் சொல்ல வந்த ஃபாதரே எடுக்கப் போனார். கைப்பிடியைத் தேடிக் குனிந்தார், எட்டவில்லை, முழங்காலில் நின்றார். தலையை உயர்த்தினால் நேர் மேலே மாதா. பின்னால் நின்றவர்களும் என்ன ஏது என்று புரியாமல் சேர்ந்து முழந்தாளிட்டார்கள்.

"முழங்கால் போட்டாத்தான் தெறக்குமா? இது நல்லா இருக்கே! எந்த வீட்டுலயும் இப்பிடி நான் பாக்கல. யாரு யோசனை?" என்றார் ஃபாதர்.

பெற்றீசியா வெட்கப்பட்டாள். "அக்காதான் கூட நின்னு சொல்லிக் குடுத்தாங்க, ஃபாதர்."

எல்லோரும் திரும்பி டொரதியைப் பார்த்து மெச்சிச் சிரித்தார்கள். பெற்றீசியாவின் முகத்தில் கள்ளம் ஏதும் இருக்கிறதா என்று டொரதி தேடிப் பார்த்தாள். ஒரு துளி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை டொரதி கடைக்குப் போகவில்லை. தலையிடி என்று நானாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, முன்கதவைச் சாத்தினாள். தன் அலுமாரியின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஓட்டைகளிலிருந்து மரத்தூள் கொட்டியது. நெருப்புக்குச்சியை ஒடித்துப் பசையில் தோய்த்து உள்ளே திணித்தாள். வலக் கதவைத் தூக்கி, தலைகீழாக்கி, இடப்பக்கம் வைத்து அழுத்திப் பூட்டினாள். மற்றதையும் அப்படியே. கதவு லேசாக ஆடியது. கோட்டுப் பொத்தான்கள் இரண்டும் தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றன.

எழுந்து தள்ளி நின்று பார்த்தாள். பிறகு முழந்தாளிட்டு, பொத்தானைப் பிடித்து, மெல்ல ஒரு தடவை திறந்து பார்த்தாள்.