பனி பார்க்கப் போன பெரியம்மா

பெரியம்மாவின் கருமாதிக்கு மீன்சுருட்டியிலிருந்து அவருடைய மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். குன்னத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அரியலூர்க் கடைத்தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். வராதவர் தா.பழூரிலிருந்த பெரியம்மாவின் தம்பி ஒருவர்தான். "உடம்பக் காட்டுங்க, வரேன்" என்று சொல்லியனுப்பிவிட்டார். காட்ட உடம்பு இல்லை. வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, பெரியம்மாவின் புடவையைச் சுற்றி, மருதையாற்றங்கரையில் எரித்திருந்தோம். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் பெரியப்பாவே மொட்டையடித்துக்கொண்டு கொள்ளி வைத்தார். கருமாதிப் பத்திரிகை எழுதியவன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் என்பதால் எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். 'சிவலோக பதவி அடைந்தார்' என்று எழுதினேன். அந்த நேரத்தில் பெரியம்மா இமயமலை அடிவாரத்தில் எங்கோ உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. வீட்டு வேலையைத் தவிர வேறு வேலையும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு இடம் இருக்கிறது என்று காதில் விழுந்துவிட்டால் போதும், பார்த்தாக வேண்டும். சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிக்குள் இறங்கி, கல்லாகிப்போன நத்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவர். "இங்கெல்லாம் கடலா இருந்துச்சாமேடா!" என்று தெருவெல்லாம் காட்டினார். ரஞ்சன்குடிக் கோட்டையின் உச்சிக்கு ஐம்பது வயதில் ஏறினார். எத்தனை நாளில் திரும்புவார் என்பதை அவர் வைத்துவிட்டுப் போகும் குழம்பைப் பார்த்துப் பெரியப்பா தெரிந்துகொள்வார். ரசம் என்றால் சாயங்காலம் வந்துவிடுவார். புளிக்குழம்பு என்றால் இரண்டு நாள். காசிக்குக் கிளம்பிய அன்று இரண்டு ஜாடி ஊறுகாய் இருந்தது. பெரியப்பா ஜாடிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊரிலிருந்து ஒரு கூட்டமாகத்தான் போனார்கள். திரும்பி வந்தவர்களோடு பெரியம்மா இல்லை. குளிக்கப் போனார், படித்துறையில் காயப்போட்ட புடவைதான் கிடந்தது, இரண்டு நாள் தேடினோம் என்று அழுதார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காரியம் செய்தோம். அதற்கப்புறம் மூன்று மாதம் கழித்து, மத்தியான ரயிலில் பெரியம்மா வந்து இறங்கினார். கையில் வாய் அடைத்த கங்கைச் சொம்பு. உடம்பு பாதியாகியிருந்தது. மலைக்குப் போகும் வேறொரு கூட்டத்தோடு ஏறிவிட்டாராம். "பனி பாக்கணும்னு ஆசை. கடுதாசி போடலாம்னா எழுதத் தெரிஞ்சவங்களுக்கு நம்ம பாசை தெரியல" என்றார்.

வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "காரியம் பண்ணியாச்சு. செத்தவ தலைவாசல் வழியா வந்தா வூட்டுக்கு ஆவாது" என்றார் பங்காளிகளில் மூத்தவர்.

பெரியம்மா எங்கள் முகங்களைப் பார்த்தார். "என் காரியத்துக்கு என்ன கொழம்பு வச்சீங்க?"

"கத்திரிக்கா சாம்பாரு" என்று கூட்டத்தில் யாரோ சொல்லியும்விட்டார்கள்.

"அடப் பாவிங்களா, செத்தும் எனக்குப் புடிச்சதப் போடலியா!"

தெரு சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. கொல்லைப்பக்கமாக அழைத்து, மஞ்சள்நீர் ஊற்றி, பிறந்த குழந்தைக்குப் போலப் பேர் வைத்து, மறுபடி தாலி கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தபோதுதான் அவர் வாய் திறந்தார். தலையில் முடி அப்போதுதான் கொஞ்சம் வளர்ந்திருந்தது. "இனிமே ரயிலு பஸ்ஸுன்னு ஏறமாட்டேன்னு அந்தச் சொம்பு மேல சத்தியம் பண்ணட்டும். இன்னொரு தடவ என்னால கொள்ளி வைக்க முடியாது."

பெரியம்மா என்னைப் பார்த்தார். "படிச்சவனே, நீ சொல்லு."

"சும்மா சொல்லிட்டு உள்ள வாங்க பெரியம்மா. நாலு நாள்ல அவரே மறந்துடுவாரு" என்றேன். அப்போது அதை நான் நிஜமாகவே நம்பினேன். வார்த்தை என்பது எனக்கு எழுதிக் கொடுக்கிற ஒன்றாக இருந்தது. பத்திரிகையில் எழுதியதே பொய்யாகிப்போய், யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லையே! பெரியம்மா சொம்பின் மேல் கை வைத்தார்.

பெரியப்பா மறக்கத்தான் செய்தார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, "தஞ்சாவூருக்கு ஒரு எட்டு போயிட்டுதான் வாயேன்" என்றார். "சத்தியம் பண்ணியிருக்கேன்ல?" "நான்தானே கேட்டேன், நானே விட்டுடறேன்." "கெங்கைகிட்ட பண்ணதுங்க. நீங்க எப்படி விட முடியும்?" பேத்தி கல்யாணத்துக்குக் கார் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று நான் போய் நின்றேன். கார், ரயிலுமில்லை பஸ்ஸுமில்லை என்று வாதாடினேன். "ஏமாத்துறதுக்குக் கெங்கை என்ன பஸ் கண்டக்டரா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அவர் போகாததால் பெரியப்பாவும் போகவில்லை. அங்கே தாலி கட்டும் நேரத்தில் இங்கே இருவரும் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் தினமும் ரசம்தான்.

பனி எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டேன். "உப்பு மாதிரிடா. கையில வச்சா நிக்கல" என்றார்.

போன மாதம் பெரியம்மா போய்விட்டார், இம்முறை வீட்டிலேயே. தா.பழூர்த் தம்பியும் வந்திருந்தார். பத்திரிகையை வேறு யாரையாவது எழுதச் சொல்லிவிட்டேன். பெரியப்பா என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். நாலு நாள் என்று நான் சொன்னது, அவர்கள் இருவருக்கும் பதினோரு வருஷம் ஆனது.