மேல்பெட்டித் தேன்

என் மனைவியின் அண்ணன் அந்தப் பெரிய தேன்பெட்டியைப் பங்காருபேட்டையிலிருந்து ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். எதிர் சீட்டுக்காரர், "இன்னாங்க, கோழிக்கூண்டா?" என்று கேட்டார். "தேனீங்களுக்கு குவாட்டர்ஸ்" என்றார் மச்சான். மாரிகுப்பம் வரைக்கும் அதைச் சொல்லியே சிரித்தார்கள்.

மச்சான் மைனில் டிம்பர் வேலை பார்த்தவர். சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. மைன் மூடிய பிறகு எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் தேனீ வளர்த்தார். அதிகம் பேசமாட்டார். நானும் அப்படித்தான். ஒத்துப்போனது.

அந்த வருஷம் தேனீக்கள் சின்னப் பெட்டியில் இடம் போதாமல் வெளியே கொத்தாய்த் தொங்கின. விட்டால் பறந்துவிடும். பெரிய பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஆனால் தேனடை தொங்குகிற பழைய மரச்சட்டங்கள் சின்னவை, அதில் நிற்காது. அடையை அறுத்துப் புதுச் சட்டத்தில் கட்டவேண்டும். குஞ்சு இருக்கிற அடையைக் கட்டிவிடலாம். தேன் நிறைந்த அடை கனத்தில் அறுந்து விழும். அந்தத் தேனை என்ன செய்வது? வம்பு அதில்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததைக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். என் மனைவி தேன் தருவதாகப் பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"எடுத்துக் குடுண்ணா. எப்படியும் மாத்தத்தானே போற."

"மழை வருது. பூ இருக்காது. புது வீட்டுல அதுங்க இன்னா துன்னும்?"

"பாதியாவது குடு. வாக்கு குடுத்துட்டேன்."

"வாக்கு குடுத்தது நீ. அதுங்களக் கேட்டியா?"

முந்தின வருஷம் வேறொரு கூட்டத்தை இப்படி மாற்றும்போது தேனையெல்லாம் எடுத்திருந்தார். மறுநாள் பெட்டி காலி. கூட்டமே கிளம்பிப் போய்விட்டது. அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மிச்சம் இருந்தது இந்த ஒரு கூட்டம்தான்.

குஞ்சு அடைகளை வாழைநாரால் கட்டிப் பெரிய பெட்டியில் இறக்கினார். ராணியையும் அதில் விட்டார். தேன் சட்டங்களைத் தொடவில்லை. சின்னப் பெட்டியின் அடிப்பலகையை மட்டும் கழற்றி, தேனோடு அப்படியே மேலே வைத்தார், மாடி மாதிரி. சுற்றி இருந்த சந்துக்குப் பலகை போட்டு மண் பூசினார். "புது முட்டு பாரம் தாங்கற வரைக்கும் பழசை உருவக்கூடாது" என்றார். சுரங்கத்துப் பேச்சு.

என் மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினாள். ஞாயிறன்று பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வாசலில் ஒருத்தி, "இன்னாக்கா, தேன் இவ்ளோ பெருசா காய்ச்சுதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவள் முகம் கறுத்தது.

மழை விடாமல் பெய்தது. மச்சான் பெட்டியைத் திறக்கவில்லை. குடை பிடித்து வருவார், பெட்டியில் காதை வைத்துக் கேட்பார், போய்விடுவார். வெயில் வந்த அன்று மூடியைத் தூக்கினார். என் மனைவி தள்ளி நின்று பார்த்தாள். மேலே அடையெல்லாம் வெறும் மெழுகு. ஒரு சொட்டுத் தேன் இல்லை, மழை முழுக்கத் தின்று தீர்த்திருந்தன. கீழே பெரிய சட்டங்களில் வெள்ளையாய்ப் புது அடை. அதை மூடித் தேனீக்கள் மொய்த்தன.

அவள் கிட்டே வந்து காலி அடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாதி எடுத்திருந்தா?" என்றாள். மச்சான் அடையை வாங்கி மேல்பெட்டியில் வைத்து மூடினார். "காபி வெக்கறேன். குடிச்சிட்டுப் போண்ணா."

மச்சான் இப்போது இல்லை. பெட்டியை அவள்தான் பார்க்கிறாள். இந்த வருஷமும் பண்டிகைக்குத் தேன் கேட்டு வந்தார்கள். "மழை முடியட்டும்" என்று சொல்லி அனுப்பினாள்.