சொல்யூஷன் போட்டு ஒட்டிய கோரிக்கை

ஜான் பாஷாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அவன் மேல் இல்லை. அவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். வேலை உண்டு, வீடு உண்டு என்று இருப்பவன். பிரியாணிக்குக் கத்திரிக்காய் கம்மியாக வைத்தால் மட்டும் கடைக்காரரோடு சண்டை போடுவான்.

வேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒரே வகுப்பு. கடைசி வருடம் விடுதிக் குழாயில் தண்ணீர் பழுப்பாக வந்தது. வாயில் வைக்க முடியாது. பாஷாதான் எல்லோரையும் கூட்டி வாசலில் உட்கார வைத்தான். முதல் நாளே எங்கள் துணி பேனரை வாட்ச்மேன் கிழித்துப் போட்டார். மறுநாள் பாஷா, தன் அப்பா வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியிலிருந்து ரிஜெக்ட் ஆன முழுத் தோல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழவழப்பான பக்கத்தில் பெயிண்ட் நிற்காது என்று சொரசொரப்பான பக்கத்தில் சிவப்பில் எழுதினான்: ‘விடுதிக்குக் குடிதண்ணீர் கொடு.’ அதை யாராலும் கிழிக்க முடியவில்லை.

தண்ணீர் லாரி வந்தது. பாஷாவை வெளியே அனுப்பினார்கள். டி.சி.யில் ‘நடத்தை திருப்தியில்லை’ என்று எழுதினார்கள். பட்டம் போயிற்று.

“தண்ணி கேட்டான்னு எழுதியிருந்தாகூடப் பரவால்ல. நடத்தையாமே!” என்று இன்றைக்கும் பொருமுவான். எதற்காக வெளியே போனான் என்பது அந்த வளாகத்தில் எங்காவது ஒரு மூலையில் எழுதியிருக்க வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

போன வருடம் அதே பல்கலைக்கழகம் மாணவர் போராட்டங்களுக்கு ஆவணக் காப்பகம் தொடங்குவதாகவும், பழைய பொருள்களைத் தரலாம் என்றும் அறிவித்தது. பாஷா பரணிலிருந்து அந்தத் தோலை இறக்கி, போர்வையில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

திறப்பு விழாவுக்கு நானும் போனேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது தோல். ஓர் எழுத்து இல்லை. கீழே ஒரு அட்டை: ‘ஆம்பூர்த் தோல். நன்கொடை: ஜான் பாஷா, முன்னாள் மாணவர்.’

“இன்னா சார் இது? எழுத்து அந்தப் பக்கம் இருக்கு” என்றான் பாஷா.

காப்பகப் பொறுப்பாளர் முனிரத்தினம் நிதானமாகக் கேட்டார். “பின்பக்கம் எதுக்கு பாய் எழுதுனீங்க? சட்டம் போட்டவர் உங்க ஊருதான். தோல் தெரிஞ்சவர். சொல்யூஷன் போட்டுப் பலகையில ஒட்டிக் குடுத்துட்டாரு.”

ஷூ கம்பெனியில் பசையைச் சொல்யூஷன் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பாஷாவின் முகம் செத்துவிட்டது.

“அந்தாள குத்தம் சொல்ல முடியாது ஹேமா. சொரசொரப்புலதான் சொல்யூஷன் புடிக்கும். நானா இருந்தாலும் அப்படித்தான் ஒட்டியிருப்பேன்” என்றான் என்னிடம்.

“பிரிச்சு எடுக்க முடியாதா?”

“பிரிச்சா பெயிண்ட் பலகையோட போய்டும்.”

அவன் போனில் அந்த எழுத்தின் போட்டோ இருந்தது. காட்டினோம். அதில் இருப்பதை அட்டையிலாவது போடுங்கள் என்று கெஞ்சினோம்.

“ஒரிஜினல்ல தெரியாததை அட்டையில எப்படிப் போடறது? மனு குடுங்க, கமிட்டியில வைக்கிறேன்” என்றார் முனிரத்தினம். இவரோடு பேசுவதற்கு அந்த வாட்ச்மேனே தேவலை என்று தோன்றியது. அவராவது படித்துவிட்டுக் கிழித்தார்.

மனு கொடுத்தோம். மறுபடி கொடுத்தோம். கமிட்டி கூடவே இல்லை. மூன்றாவது முறை போனபோது பாஷா என் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த அட்டையிலேயே எழுதினான்: ‘பின்பக்கம்: விடுதிக்குக் குடிதண்ணீர் கொடு.’ எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தோம். அவன் எழுதிய அட்டையை எடுத்துவிட்டுப் புதிதாக அச்சடித்து வைத்திருந்தார்கள். ‘ஆம்பூர்த் தோல்.’ அவ்வளவுதான். பாஷாவின் பெயர் இல்லை. முன்னாள் மாணவர் என்பதும் இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பாஷா சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

“ஒரே எடத்துல ரெண்டு வாட்டி டிஸ்மிஸ் ஆனவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். இந்த வாட்டி டி.சி.கூட குடுக்கல.”